ஒண்டுக் குடித்தனம்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கண்மாய்க் கரையில் நின்று பறவை எண்ணும் குழு ஒன்று இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. எந்தத் தேதியில், எந்தக் கண்மாயில், என்ன பறவை, எத்தனை என்று பதிந்துவைக்க அவர்களுக்கு ஒரு சின்ன இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லாம் அட்டவணையாக வரும். ஒருநாள் ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்மாய் எங்க இருக்குன்னு படத்துல காட்டினா, புதுசா வர்ற பிள்ளைகளுக்கு வசதியா இருக்கும்ல? செல்போன்ல மேப் வருதே, அந்த மாதிரி.”

“ஒரு மணி நேர வேலை சார்” என்றேன். மூன்று வாரம் ஆனது.

விரலால் இழுத்தால் நகர்ந்து, இரண்டு விரலை விரித்தால் பெரிதாகும் வரைபடத்தை அடியிலிருந்து எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் கணக்கு, விரலை எடுத்த பிறகும் கொஞ்சம் வழுக்கிப் போய் நிற்கும் நயம், ஒவ்வொரு உலாவியின் கோணல்புத்தி என எல்லாவற்றோடும் வேறொருவர் ஏற்கெனவே மல்லுக்கட்டி முடித்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்டது லீஃப்லெட். உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட இலவச நிரல் லைப்ரரி. சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 42 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. வேறு எந்த லைப்ரரியையும் நம்பி நிற்காதது என்பது இன்னொரு நல்ல குணம். சில லைப்ரரிகளைக் கூப்பிட்டால் மாமன் மச்சான் என்று முந்நூறு பேரோடு வந்து இறங்கும்.

இணைய வரைபடம் வேலை செய்யும் விதம் அழகானது. உலகம் முழுவதையும் 256 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் கொண்ட ஒரே சதுரப் படமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் பூஜ்ய மட்டம். அடுத்த மட்டத்தில் அந்தச் சதுரம் நான்காகப் பிரியும், அதற்கடுத்து பதினாறு. இப்படியே 19ஆவது மட்டத்துக்குப் போனால் சுமார் 27,488 கோடிச் சதுரங்கள். ஒவ்வொன்றையும் டைல் என்கிறார்கள். வீட்டுத் தரையில் பதிக்கிறோமே, அதே பொருளில்தான். திரையில் தெரியும் இடத்துக்கு எந்த டைல்கள் வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கி, இடைவெளி தெரியாமல் ஒட்டவைப்பதுதான் லீஃப்லெட்டின் பிழைப்பு. 12ஆவது மட்டத்தில் மீனாட்சியம்மன் கோயில் விழுகிற டைலின் விலாசம் 12/2936/1934: மட்டம், மேற்கிலிருந்து எத்தனையாவது நெடுவரிசை, வடக்கிலிருந்து எத்தனையாவது கிடைவரிசை. அந்த ஒரு டைலுக்குள் ஏறத்தாழ 9.6 கிலோமீட்டர் அகலம் அடங்கிவிடும். இந்த விலாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

லைப்ரரியை இணைத்தேன். பக்கத்தில் காலியாக ஒரு பெட்டி வைத்து, “இதற்குள் வரைபடம் போடு” என்றேன். செயலியைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. அட்டவணைக்குக் கீழே வெறும் வெள்ளை.

லீஃப்லெட்டை முதன்முதலில் கையில் எடுக்கிறவர்களில் பாதிப்பேராவது இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள். வலைப்பக்கத்தில் ஒரு பெட்டிக்கு உயரம் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் சரக்கைப் பார்த்து உலாவி உயரத்தை முடிவுசெய்யும். வரைபடமோ, பெட்டி எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்கேற்ற டைல்களை வரவழைக்கும். அந்த டைல்களும் பக்கத்தின் இயல்பான ஓட்டத்தில் சேராமல் மேலே மிதப்பவை. அவற்றை உலாவி உயரக் கணக்கில் சேர்ப்பதில்லை. “நீங்க முதல்ல”, “இல்ல, நீங்க முதல்ல” என்று இரண்டும் வாசற்படியில் நின்றுவிட்டன. உயரம் பூஜ்யம். பூஜ்ய உயரத்தில் ஒரு வரைபடம் மிகச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. 400 பிக்சல் என்று ஒரு வரி எழுதியதும் மதுரை தெரிந்தது.

தெரிந்த மதுரை பார்க்கச் சகிக்கவில்லை. குளியலறைச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு டைலின் நான்கு முனையும் வளைந்து, நான்கு டைல்கள் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் குட்டி நட்சத்திரம் மாதிரி ஓர் ஓட்டை. வைகை ஆறு 256 பிக்சலுக்கு ஒருமுறை பிய்ந்து பிய்ந்து ஓடியது.

குற்றவாளி நான்தான். ஆறு மாதம் முன்பு பறவைப் புகைப்படங்கள் அழகாகத் தெரியட்டும் என்று, பக்கத்தின் அலங்கார விதிகளை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதியிருந்தேன்: படம் எதுவாயினும் அதன் முனைகளை வளைத்துவிடு. “படம் எதுவாயினும்” என்றால் உலாவிக்கு எதுவாயினும்தான். பனங்காடையும் படம், வரைபட டைலும் படம்.

வலைப்பக்கத்துக்குள் சுவர் கிடையாது. பழைய திருவல்லிக்கேணி வீடுகளில் ஒண்டுக் குடித்தனம் என்று இருந்தது. ஆறேழு குடும்பம், ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே குழாய். ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் எல்லார் கண்ணிலும் நீர் வரும். பக்கத்துக்கு நான் எழுதும் அலங்கார விதி பக்கம் முழுவதுக்கும் செல்லும். லீஃப்லெட்டோடு வரும் விதிகளும் பக்கம் முழுவதுக்கும் செல்லும். இரண்டும் மோதினால், எந்த விதி அதிகக் குறிப்பானது, எது பின்னால் எழுதப்பட்டது என்று ஒரு புள்ளிக்கணக்கு போட்டு உலாவி தீர்ப்புச் சொல்லும். அந்தக் கணக்கிலும் அடங்காதவர்கள் விதியின் வாலில் ‘இது முக்கியம்’ என்று ஒரு முத்திரை குத்துவார்கள். முத்திரைக்குப் போட்டியாக அடுத்த வீட்டுக்காரரும் முத்திரை குத்துவார்.

லீஃப்லெட்டின் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து படித்தால் ஒண்டுக் குடித்தனத்தில் அடிபட்டவரின் நாட்குறிப்பு மாதிரி இருக்கும். ஓரிடத்தில் ஒரு குறிப்பு: ஜூம்லா என்கிற பிரபலமான தள மென்பொருள் தன் மூன்றாம் பதிப்பில் எல்லா வரைகலைகளுக்கும் அகலக் கட்டுப்பாடு போட்டதால் அதை இங்கே ரத்து செய்கிறோம் என்று. கீழே இன்னொரு குறிப்பு: படங்களுக்கு இப்படி அகலம் வைத்தால் ஃபயர்ஃபாக்ஸில் வரைபடம் உடைகிறது என்று. யாரோ, எங்கோ, ஏதோ ஒரு நள்ளிரவில் திட்டிக்கொண்டே கண்டுபிடித்தது எல்லாம் அந்த வரிகளில் இருக்கிறது. இப்படிப்பட்ட தழும்புகள் உள்ள லைப்ரரியைத்தான் நான் நம்புவேன். வழுவழுவென்று இருப்பது இன்னும் ஊருக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

என் விதியைப் பறவைப் புகைப்படங்களுக்கு மட்டும் என்று சுருக்கினேன். வைகை ஒட்டிக்கொண்டது.

அடுத்து, கண்மாய்களைப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். குழுவில் ஒரு கல்லூரி மாணவி எல்லா இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் திரட்டி, இடங்களைப் பதியும் ஜியோஜேசன் என்ற வடிவில் ஒரு கோப்பாக அனுப்பியிருந்தார். அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குறியிட்டேன். பக்கம் திறந்தது, வரைபடம் வந்தது, புள்ளி ஒன்றுகூட இல்லை. வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். இந்தியா தெரிந்தது, ஆசியா தெரிந்தது. கடைசியில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே, ஆர்க்டிக் கடலில், எல்லாப் புள்ளிகளும் குவிந்து கிடந்தன.

“சார், நம்ம வண்டியூர் கண்மாய் நாமக்கோழியெல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்துல போயிருச்சு” என்றேன்.

“வலசை போறதுதானேப்பா” என்றார் ஆசிரியர்.

மதுரை ஏறத்தாழ வடக்கே 9.93 பாகை, கிழக்கே 78.12 பாகை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் எதிர்பார்க்கும். நாம் பேச்சில் சொல்லும் வரிசையும் அதுதான். ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும். கணக்குப் பாடத்தில் எக்ஸ் முதலில், ஒய் அடுத்து என்பதுபோல. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். எண்களை இடம் மாற்றிப் போட்டால் வடக்கே 78, கிழக்கே 10: ஆர்க்டிக் கடல். மதுரைக்கு இது ஒருவிதத்தில் அதிர்ஷ்டம், தவறு கண்ணில் குத்துகிறது. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் புள்ளி சில பத்துக் கிலோமீட்டர் மட்டும் தள்ளிப்போய், கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். (ஜியோஜேசன் கோப்பை அப்படியே முழுசாகக் கொடுத்திருந்தால் லீஃப்லெட் தானே மாற்றிக்கொண்டிருக்கும். நான் கெட்டிக்காரத்தனமாக எண்களைப் பிரித்தெடுத்ததுதான் வினை.)

அடுத்த சண்டைதான் நுட்பமானது. செயலியை ரியாக்ட் என்ற இன்னொரு லைப்ரரி கொண்டு எழுதியிருந்தேன். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் என் பொறுப்பு, தகவல் மாறினால் நானே மாற்றி வரைந்துகொள்கிறேன், வேறு யாரும் கைவைக்க வேண்டாம் என்பது ரியாக்டின் கொள்கை. லீஃப்லெட் அதற்கும் முந்தைய காலத்துப் பிள்ளை. ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டால் அதற்குள் தானே நேரடியாகக் கைவைத்து டைல்களை வைக்கும், எடுக்கும். ஒரு பெட்டிக்கு இரண்டு முதலாளிகள். ரியாக்ட் 2022இல் வந்த தன் 18ஆம் பதிப்பில் ஒரு சோதனையும் சேர்த்திருந்தது: நிரல் எழுதும் கட்டத்தில், கண்டிப்பு நிலை என்கிற அமைப்பை வைத்திருந்தால், ஒவ்வொரு உறுப்பையும் ஒருமுறை நிறுவி, கலைத்து, மறுபடி நிறுவிப் பார்க்கும். ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்களா என்று பார்க்கத்தான். நான் வரைபடத்தை நிறுவ மட்டும் எழுதியிருந்தேன், கலைக்க எழுதவில்லை. இரண்டாம் முறை நிறுவும்போது லீஃப்லெட் சிவப்பு எழுத்தில் சொன்னது: இந்தப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருக்கிறது.

இந்த எரரை அடக்கக் குறுக்கு வழிகள் ஏராளம். கண்டிப்பு நிலையை அணைத்துவிடு என்பது அதில் ஒன்று. புகை வருகிறது என்று கத்தும் கருவியின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரி. நேர்வழி இரண்டே வரி. வரைபடத்துக்கென்று ஒரு தனி உறுப்பு எழுதி, அது பிறக்கும்போது லீஃப்லெட்டை நிறுவ வேண்டும், மறையும்போது லீஃப்லெட்டிடம் சொல்லி எல்லாவற்றையும் அகற்றச் செய்ய வேண்டும். செயலியின் மற்ற பகுதிகள் எதுவும் லீஃப்லெட்டின் பெயரையே அறியக் கூடாது. “இந்தக் கண்மாய்களைக் காட்டு” என்று அந்தத் தனி உறுப்பிடம் சொல்வதோடு சரி. நாளைக்கு வேறு வரைபட லைப்ரரிக்கு மாறினாலும் ஒரே கோப்பில் வேலை முடியும். வெளியாள் சரக்கை உள்ளே கொண்டுவரும்போது நான் கறாராகப் பிடிக்கும் விதி இது ஒன்றுதான். அன்றைக்கு அதை மீறியதால்தான் ஒரு வாரம் போனது.

இதுவரை சொன்னவை பார்த்தால் தெரியும் கோளாறுகள். தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது.

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது’ என்பார்கள். வேறொரு சர்வரிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் இணைத்தீர்கள் என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதை உலாவி உடனே மறந்துவிடும். உங்கள் நிரலுக்கு என்ன அதிகாரமோ அதே அதிகாரம் அதற்கும். பயனர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம், பக்கத்தை மாற்றி எழுதலாம், எடுத்ததை எங்கும் அனுப்பலாம். ஒரு தளம் இன்னொரு தளத்தின் பக்கத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற காவல் 1995இல் நெட்ஸ்கேப் உலாவியின் காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் நீங்களே கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவரை அந்தக் காவல் தடுக்காது.

2018 பிப்ரவரி 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பார்வைக் குறைபாடும் வாசிப்புச் சிரமமும் உள்ளவர்களுக்காகப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற உறுப்பை ஏராளமான அரசுத் தளங்கள் இணைத்திருந்தன. நல்ல காரியத்துக்காகச் சேர்த்தது. அந்த உறுப்பின் ஸ்கிரிப்ட் இருந்த இடத்தில் யாரோ புகுந்து சில வரிகளைச் சேர்த்துவிட, 4,000க்கும் மேற்பட்ட தளங்களைப் பார்க்க வந்தவர்களின் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் மொனேரோ என்ற மறைநாணயத்துக்காகக் கணக்குப் போட ஆரம்பித்தன. அந்தப் பட்டியலில் பிரிட்டனின் தகவல் ஆணையர் தளமே இருந்தது. குடிமக்களின் தரவைக் காக்க வேண்டிய அலுவலகம்! 4,000 தளங்களில் ஒன்றையும் யாரும் உடைக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான கிணற்றில் கலந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து அதற்கு முன்பே இருந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2016இல் தரப்படுத்திய ஒரு முறை: ஸ்கிரிப்டை இணைக்கும் வரியிலேயே அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகையைச் சேர்த்து எழுதலாம். உலாவி கோப்பை இறக்கியதும் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கைரேகை பொருந்தாது, ஸ்கிரிப்டை ஓடவிடாது. லீஃப்லெட்டின் தளத்தில் கொடுத்திருக்கும் இணைப்பு வரியிலேயே அந்தக் கைரேகை இருக்கிறது. நீளமாக, அசிங்கமாக இருக்கிறதே என்று பலர் அதை வெட்டிவிட்டு ஒட்டுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் வெட்டியிருக்கிறேன்.

கெட்டவன் யாரும் இல்லாமலே மாற்றம் வரலாம் என்பது இன்னொரு கூத்து. சீனாவின் ஆன்ட் ஃபைனான்ஷியல் நிறுவனத்திலிருந்து வந்த ஆன்ட் டிசைன் என்ற உறுப்புத் தொகுப்பைக் கொண்டு கட்டிய செயலிகளில், 2018 டிசம்பர் 25 காலையில், பொத்தான்களின் தலையில் பனி படிந்திருந்தது. சில பொத்தான்களில் சுட்டியை வைத்தால் ‘ஹோ ஹோ ஹோ’ என்றது. அந்தத் தேதி வந்தால் மட்டும் விழிக்கும்படி, மாதங்களுக்கு முன்பே நிரலுக்குள் வைத்த விளையாட்டு. கிறிஸ்துமஸ் கொண்டாடாத அலுவலகங்களின் உள்செயலிகளிலும் பனி பெய்தது. கைரேகை இதைப் பிடித்திருக்காது. எழுதியவர்களே வைத்தது அல்லவா?

லீஃப்லெட்டிலும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 1.8 பதிப்பிலிருந்து, வரைபடத்தின் வலது கீழ் மூலையில் லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் உக்ரைன் கொடி சின்னதாக வரும். போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆன்ட் டிசைன்காரர்கள் பனியை ஒளித்துவைத்தார்கள். அகஃபோன்கின் கொடியைப் பார்வைக்கு வைத்தார், வேண்டாதவர்கள் ஒரு வரியில் எடுத்துவிடவும் முடியும். எனக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், உலகெங்கும் பேருந்து நேரமும் பிட்சாக் கடையும் காட்டும் வரைபடங்களில் ஒரு தனிமனிதரின் துயரம் ஒரே பதிப்பில் போய்ச் சேர்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சுவரே எழுப்ப முடியாதா? முடியும். ஐஃப்ரேம் என்பது பக்கத்துக்குள் இன்னொரு பக்கம். தனி வாசல், தனிக் கிணறு. வேறு தளத்திலிருந்து வரும் ஐஃப்ரேம் உங்கள் பக்கத்தைத் தொட முடியாது, நீங்களும் அதைத் தொட முடியாது. கடிதம் போட்டுத்தான் பேசிக்கொள்ளலாம். பணம் கட்டும் பக்கங்களில் அட்டை எண் தட்டும் கட்டம் பல இடங்களில் இப்படித்தான் தனிச் சுவருக்குள் இருக்கிறது. பிரிட்டனில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், வெளியாள் தந்த அரட்டை உறுப்பைப் பணம் கட்டும் பக்கத்தில் சுவரில்லாமல் வைத்திருந்தது. 2018இல் அதன் வழியாக அட்டை விவரங்கள் திருடுபோக, 2020இல் அதே தகவல் ஆணையர் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார். எங்கள் கண்மாய் வரைபடத்துக்கு ஐஃப்ரேம் வைக்கவில்லை. புள்ளியைத் தொட்டால் அட்டவணை நகர வேண்டும், அட்டவணையைத் தொட்டால் புள்ளி மின்ன வேண்டும். கடிதப் போக்குவரத்தில் அது சள்ளை. கோப்பையே எங்கள் சர்வரில் இறக்கி வைத்துக்கொண்டோம்.

ஆனால் டைல்களை இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. அவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வரிலிருந்து வருகின்றன. 2004இல் தொடங்கிய தன்னார்வலர் இயக்கம். சர்வர் நன்கொடையில் ஓடுகிறது. பெயரைக் காட்ட வேண்டும், மொத்தமாக அள்ளிக்கொண்டு போகக் கூடாது, அதிகமாக உறிஞ்சினால் குழாயை அடைத்துவிடுவோம் என்பது அவர்கள் நிபந்தனை. மூன்றுமே நியாயம். இங்கேதான் அந்த விலாசம் வேலைக்கு வருகிறது. ஒருவர் வரைபடத்தை 17ஆவது மட்டம்வரை பெரிதாக்கினால், டைல் ஒன்றின் அகலம் மதுரைப் பக்கம் சுமார் 300 மீட்டர்தான். அப்படியானால், எந்த நேரத்தில், எந்த இணைப்பிலிருந்து, எந்த 300 மீட்டரை ஒருவர் உற்றுப் பார்த்தார் என்பது டைல் கொடுக்கும் சர்வருக்குத் தெரியும். யார் சர்வரானாலும் இதுதான் கதை. ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். “கூடு கட்டுற இடத்தைப் புள்ளியே வைக்காதப்பா. அட்டவணையிலயும் வேணாம்” என்றார். வைக்கவில்லை.

எல்லைக்கோடும் டைலோடு சேர்ந்தே வரும். இந்திய வரைபடத்தை சர்வே ஆஃப் இந்தியா காட்டுவதற்கு மாறாக வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு டைல்கள் பல காஷ்மீரை சர்வே ஆஃப் இந்தியா காட்டுவதுபோலக் காட்டுவதில்லை. பறவை எண்ணுகிறவர்களுக்கு எதற்கு இந்த வம்பு? மதுரை மாவட்டத்துக்கு வெளியே நகரவும் முடியாது, ஓரளவுக்கு மேல் சுருக்கவும் முடியாது என்று இரண்டு வரி எழுதிப் பூட்டினேன். புள்ளிகள் மறுபடி ஆர்க்டிக்குக்குப் போனால் இனிக் கண்டுபிடிக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. எல்லைக்கு வெளியே விழும் புள்ளியை ஏற்காமல் திருப்பி அனுப்ப இன்னும் நான்கு வரி.

உக்ரைன் கொடியை எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்று குழுவில் கேட்டேன், யாரும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அப்படியே இருக்கிறது.

கணினிமுன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் தினமும் திறக்கும் ஒரு தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். எங்கெங்கிருந்து என்னென்ன வந்தன என்று வரிசையாக ஓடும். அதில் அந்தத் தளத்தின் பெயர் அல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.